தஞ்சாவூர்ப் படம் லண்டனுக்குப் போகிறது: பெட்டிக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் குடும்பம் தஞ்சாவூர் ஓவியப் பட்டறை வைத்திருக்கிறது. லண்டனில் ஒரு காலரி 4க்கு 3 அடியில் இரண்டு படமும், சுவாமிமலையில் வார்த்த இரண்டடி நடராசர் ஒன்றும் கேட்டிருக்கிறது. படம் ஒவ்வொன்றும் இரண்டரை லட்சம், நடராசர் 32 கிலோ, நான்கு லட்சம். டிசம்பரில் போய்ச் சேர வேண்டும். கூரியர்காரர் 70,000 ரூபாய் சொல்கிறார். கலைப்பொருள் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு நிறுவனம் 2,60,000 கேட்கிறது. போன வருடம் மும்பைக்குச் சட்டம் போடாமல் பார்சலில் போட்ட படம், கல் உதிர்ந்து, மேடு எழுப்பப் பூசிய மக்குப் பூச்சு மூலைக்கு மூலை வெடித்து, தங்கத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்து போய்ச் சேர்ந்தது. இதில் கொள்ளுத்தாத்தா காலத்துப் பலகைப் படம் ஒன்றையும் காட்சிக்குக் கேட்கிறார்கள். அவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: கொள்ளுத்தாத்தா படத்தை முதலில் சுவரிலேயே விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த ஓவியமும் சிற்பமும் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. ‘விற்க இல்லை, காட்டத்தான்’ என்று சொன்னாலும் எடுபடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. காலரிக்கு நல்ல புகைப்படம் ஒன்று எடுத்து அனுப்பினால் போதும்.

இனி மும்பைப் படம். நீங்கள் எழுதிய மூன்று அடையாளங்களே நடந்ததைச் சொல்லிவிடுகின்றன. வட்டத் தடம் பபிள் ராப்பின் வேலை. குமிழ்ப் பக்கம் படத்தின் முகத்தில் பட்டபடி சுற்றி, மேலே சணல் போட்டு இறுக்கியிருப்பார்கள். லாரிக்குள் சூடு ஏற ஏற ஒவ்வொரு குமிழும் முத்திரை மாதிரி பதிந்துவிட்டது. கல் உதிர்ந்ததற்கும் அந்த இறுக்கமே காரணம். படத்திலேயே மேடாக நிற்பது கல்தான், அழுத்தம் முழுவதையும் அதுதான் வாங்கும். மூலைக்கு மூலை வெடிப்பு மட்டும் வேறு கதை. பலகை முறுக்கிக்கொண்டால்தான் விரிசல் அப்படிக் குறுக்கே ஓடும். எதிரெதிர் மூலையைப் பிடித்துப் படுக்கை வசமாக இரண்டு பேர் தூக்கியிருக்க வேண்டும், அல்லது ஒரு மூலை தரையில் இடித்திருக்க வேண்டும். பலகை வளைந்து திரும்பிவிடும். சுக்கான் மாவும் பசையும் காய்ந்து கல்லாகிப்போன மக்கு அப்படி வளையாது, வெடித்துவிடும்.

இந்த மூன்றையும் தடுக்கப் பெட்டி வேண்டும், அதற்கு இரண்டு லட்சம் வேண்டியதில்லை. படத்தில் எது மேடு, எது பொருக்கு என்று பேக்கிங் ஆளைவிட உங்கள் பட்டறைக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே பெட்டியை நீங்களே செய்யுங்கள். நிபுணருக்குக் கொடுக்கும் பணத்தை வேறு இடத்தில் செலவிடலாம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

மக்கு வேலை முடிந்த நாளிலிருந்து ஒரு மாதமாவது படம் திறந்த காற்றில் இருக்கட்டும். உங்கள் கணக்கில் அக்டோபர் முடிவதற்குள் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி முடித்திருக்க வேண்டும். ஈரம் முழுக்கப் போகாத மக்கைப் பாலிதீனில் சுற்றினால் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். பெட்டி மூடப்போவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றோடு பெட்டியை மூடினால், வெப்பம் 27 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே உள்ளே நீர் கோக்கத் தொடங்கிவிடும். அதையே 25 டிகிரி, 55 சதவீதத்தில் மூடினால் 15 டிகிரி வரை ஒன்றும் ஆகாது. எனவே மூன்று நான்கு நாள் ஏசி அறையில் படத்தையும் பெட்டியையும் ஒன்றாக வைத்து, ஈரப்பதமானியில் 55 பார்த்து, அங்கேயே மூடுங்கள். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் படப்பெட்டியில் அள்ளிப் போடாதீர்கள். முழுக்க உலர்ந்த ஜெல் பலகையின் ஈரத்தையே உறிஞ்சிவிடும், மக்கு மறுபடி வெடிக்கும். நடராசர் பெட்டியில் தாராளமாகப் போடலாம். உலோகத்துக்கு வறட்சி நல்லது.

தேக்குச் சட்டம் இங்கேயே போடுங்கள், கண்ணாடியை லண்டனில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வழியில் உடையும் கண்ணாடியைப் போலப் படத்தைக் கிழிப்பது வேறில்லை. இந்த அளவுக்கு 4 மி.மீ. கண்ணாடி படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையும் சேர்க்கும். சட்டத்தின் முன்விளிம்பு மிக மேடான கல்லைவிடக் குறைந்தது 5 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். அதன்மேல் கிளாசின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாளை இழுத்துச் சட்டத்தின் பின்புறம் ஒட்டி, அதற்கும் மேல் நெளிவுள்ள பிளாஸ்டிக் அட்டையைச் சட்ட விளிம்பில் மட்டும் உட்காரும்படி வையுங்கள். படத்தின் முகத்தை எதுவும் தொடக் கூடாது, காற்று மட்டும் இருக்கட்டும்.

மூடுமுன் ஒரு சோதனை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். எழும்பி நிற்கும் ரேக்கின் ஓரமும் மக்கின் மயிர்க்கோட்டு விரிசலும் நிழல் போட்டுத் தனியாகத் தெரியும். மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பாருங்கள். ஆடுகிற கல்லை அப்போதே எடுத்து ஒட்டுங்கள். ஒன்று கழன்றால் அது பெட்டிக்குள் கோலிக்குண்டாக உருண்டு நூறு இடத்தில் தங்கத்தைக் கீறும். அதே வெளிச்சத்தில் படத்தை ஆறு பகுதியாகப் பிரித்துத் தேதியோடு புகைப்படம் எடுங்கள். பின்னால் காப்பீட்டுக்காரரிடம் பேசப்போவது அந்தப் புகைப்படங்கள்தான்.

பெட்டிக் கணக்கு இப்படி வரும். சட்டத்தோடு படம் 142க்கு 112 செ.மீ., கனம் 6. இரண்டையும் ஒரே பெட்டியில் நிற்க வைக்கலாம். பக்கவாட்டிலும் மேலும் கீழும் 75 மி.மீ., முன்னும் பின்னும் நடுவிலும் 50 மி.மீ. ஈபிஇ என்ற பாலிதீன் ஃபோம். 12 மி.மீ. பிளைவுட், வெளியே ரீப்பர் சட்டம், அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழைய 10 செ.மீ. கட்டை. வெளி அளவு 165 × 145 × 34 செ.மீ. வரும். விமானச் சரக்கில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6,000ஆல் வகுத்து வருவது நிஜ எடையைவிட அதிகமானால் அதைத்தான் எடையாகக் கொள்வார்கள்: இங்கே 135.6 கிலோ. நிஜ எடை 80ஐத் தாண்டாது. தச்சர் ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று கனத்தை 40 செ.மீ. ஆக்கினால் 159.5 கிலோ. ஆறு செ.மீ. ஃபோமுக்கு 24 கிலோ சரக்குக் கூலி. அதற்காக 34க்கும் ஒல்லியாக்க வேண்டாம், பெட்டி நிற்காமல் சாயும். கூரியர்கள் 5,000ஆல் வகுப்பார்கள். அந்த 70,000 எந்தக் கணக்கில் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள். படத்தின் அளவை மட்டும் சொல்லிப் பெட்டியின் அளவைச் சொல்லாமல் வாங்கிய விலையாக இருந்தால், பில் வரும்போது அது 70,000ஆக இருக்காது.

தெர்மாகோல் வேண்டாம். ஒரு முறை நொறுங்கினால் அதோடு சரி, இரண்டாவது அடியைத் தாங்காது. துகள்கள் மின்னேற்றத்தால் ரேக்கில் அப்பிக்கொள்ளும். வைக்கோலும் வேண்டாம். குத்துவிளக்குக்கும் தலையாட்டிப் பொம்மைக்கும் நம் ஊர் வைக்கோல் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறது, உள்ளூர் வண்டிக்கு இன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் ஈரமும் பூச்சியும் வரும் என்று பல நாடுகளின் பயிர்ப் பாதுகாப்புத் துறை பெட்டியையே நிறுத்திவிடும். மர விஷயத்திலும் இதே கெடுபிடி உண்டு. ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி, 6 மி.மீ.க்கு மேல் கனமுள்ள, பிளைவுட் அல்லாத வெறும் மரத்தில் செய்த பெட்டி என்றால், மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், ‘எச்.டி.’ முத்திரை இருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு இது கிடையாது. ஆனால் ரீப்பருக்கும் அடிக்கட்டைக்கும் உண்டு. நிறையப் பேர் வழுக்குகிற இடம் இதுதான். பெட்டி முழுக்கப் பிளைவுட், நான்கே நான்கு கட்டை மட்டும் பக்கத்து மரக்கடையில் வாங்கியது, அதற்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் மூன்று வாரம் முடங்கிக் கிடக்கும். முத்திரையிட்ட மரத்தையே வாங்குங்கள். இல்லையென்றால் கட்டையையும் பிளைவுட்டை அடுக்கி ஒட்டிச் செய்யுங்கள். மூடியை ஆணியால் அடிக்காமல் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு மூடுங்கள். கஸ்டம்ஸில் திறந்து பார்க்கச் சொன்னால் கடப்பாரை வரக் கூடாது.

நடராசருக்கு வேறு கணக்கு. சுவாமிமலை வார்ப்பு கெட்டி வார்ப்பு, உடம்பு எதற்கும் அசையாது. விரிசடை, வீசிய கரம், தூக்கிய திருவடி, திருவாசியின் சுடர்கள், இவைதான் வளையும், ஒடியும். திருவாசியைக் கழற்றித் தனித் தட்டில் படுக்க வையுங்கள். சிலையைப் பீடத்திலும் இடுப்பிலும் மட்டும் பிடிக்க வேண்டும். 25க்கு 15 செ.மீ. பீடம் 375 சதுர செ.மீ. தான். 32 கிலோ அதில் நின்றால் சதுர செ.மீ.க்கு 85 கிராம். சாதாரண ஈபிஇ அந்தப் பாரத்தில் நசுங்கி, ஒரு குதிப்பில் அடி தட்டிவிடும். பீடத்தை 40க்கு 30 செ.மீ. பிளைவுட் தட்டில் பூட்டி, அந்தத் தட்டை ஃபோம்மேல் வைத்தால் பாரம் 27 கிராமுக்கு இறங்கிவிடும். அதே சிலை, அதே ஃபோம். கைரேகை உப்பு வெண்கலத்தில் கறையாக நிற்கும் என்பதால் நைட்ரில் கையுறை போடுங்கள், பருத்திக் கையுறை வழுக்கும். கம்பளி, ரப்பர், செய்தித்தாள் மூன்றையும் சிலைப் பக்கம் விடாதீர்கள். முதல் இரண்டிலும் கந்தகம் உண்டு, கறுத்துவிடும்.

அடுத்தது காகிதம். புதுச் சிலைதானே என்று இருந்துவிட முடியாது. திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்து லண்டன் வரை போன நடராசர், வழக்காடித்தான் 1991இல் திரும்பி வந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோனவர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். டெல்டாவிலிருந்து நடராசர் என்றாலே கஸ்டம்ஸ் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார், உட்காரத்தான் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்க வேண்டும். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. புகைப்படம், அளவு, எடை, ஸ்தபதியின் பில், அவர் கைப்பட ஒரு கடிதம், பட்டறையில் மெழுகு உருவும் வார்ப்பும் இருக்கும் படம் என்று எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். படங்களுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பொருளை நேரில் காட்டச் சொல்வார்கள் என்பதால் பெட்டி மூடுவதற்கு முன்பே இதற்கு நாள் ஒதுக்குங்கள். காலரி கேட்டதென்று பச்சைக் களிம்பேற்றிப் ‘பழமை மெருகு’ கொடுத்திருந்தால் கேள்வி இரட்டிப்பாகும். எங்கள் கருத்து, அந்த மெருகே வேண்டாம்.

பில்லில் ‘சுவர் அலங்காரம்’, ‘கைவினைப் பொருள்’ என்று எழுதாதீர்கள். முழுக்கக் கையால் தீட்டிய மூல ஓவியம் என்று எழுதி 9701 என்ற சுங்கக் குறியீட்டில் அனுப்புங்கள். பிரிட்டனில் கலைப்படைப்புக்கு இறக்குமதி வாட் 5 சதவீதம், மற்றப் பொருளுக்கு 20. நடராசர் 9703இல் மூலச் சிற்பமாகப் போகுமா, 8306இல் உலோக உருவப் பொருளாகப் போகுமா என்பதிலும் இதே வித்தியாசம். சிற்பம் என்றால் எட்டு வார்ப்புக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. மெழுகு வார்ப்பில் ஒரு கருவுக்கு ஒரு சிலைதான், உடைத்தால்தான் வெளியே வரும். ஸ்தபதியின் கடிதத்தில் அந்த வரி இருக்கட்டும். விற்காமல் காட்சிக்கு மட்டும் போய்த் திரும்புவதானால் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு வழங்கும் ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுத்தால் அங்கே வரி இல்லை, ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். உங்களுடையது விற்பனை, அது பொருந்தாது. ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்.யூ.டி. என்ற உறுதிமொழிப் பத்திரமும் இருக்கின்றனவா என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இப்போது 70,000ஆ, 2,60,000ஆ என்ற கேள்விக்கு வருவோம். 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் ஒரு ஓவியம் 1.37 கோடி டாலருக்கு மேல் போனது. கலைப்பொருள் போக்குவரத்து நிறுவனங்களின் விலைப்பட்டியல் அந்த மாதிரிப் படங்களை மனத்தில் வைத்துப் போட்டது. உங்களுக்கு அதில் பாதி போதும். விலையைப் பிரித்துக் கேளுங்கள்: பேக்கிங், பட்டறையிலிருந்து விமான நிலையம் வரை வண்டி, சான்றும் கஸ்டம்ஸும், விமானக் கூலி, லண்டனில் இறக்கிப் பெட்டி பிரித்தல், காப்பீடு. பிரித்துத் தர மறுக்கிறவரிடம் போக வேண்டாம். பேக்கிங்கை எடுத்துவிடுங்கள். நடராசரைச் சாதாரணச் சரக்கு முகவர் மூலமே அனுப்பலாம், நல்ல பெட்டியில் இருக்கும் உலோகத்துக்கு அது போதும். படங்களுக்கு மட்டும் வண்டி, கஸ்டம்ஸ், லண்டன் முனை மூன்றையும் நிபுணரிடம் கொடுங்கள்.

காரணம் இதுதான். படம் ஓடும்போது உடைவதைவிடக் கை மாறும்போதுதான் அதிகம் உடைகிறது. கூரியரில் போனால் பட்டறையிலிருந்து டெம்போ, கும்பகோணம் கிளை, திருச்சி கிடங்கு, சென்னை கிடங்கு, விமான நிலையம் என்று நம் பக்கமே ஐந்து கை. நேர் வண்டியில் ஒரே கை. ஏர் சஸ்பென்ஷன் உள்ள மூடிய வண்டியா என்று கேளுங்கள். பெட்டியை வண்டியின் நீளவாட்டில், பக்கச் சுவரை ஒட்டி நிறுத்திப் பட்டையால் கட்ட வேண்டும். குறுக்காக நிறுத்தினால் ஒவ்வொரு பிரேக்கிலும் படத்தின் முகம் முன்னால் உந்தும். 15 கிலோ பார்சலை ஒரு ஆள் தோளிலிருந்து இறக்கிப் போட்டுவிடுவார். 80 கிலோப் பெட்டியை யாரும் தூக்க மாட்டார்கள், தள்ளுவண்டி வரும். இரண்டு படத்தையும் ஒரே பெட்டியில் வைக்கச் சொன்னது அதனாலும்தான்.

திருச்சி பக்கமாயிற்றே, அங்கிருந்தே ஏற்றலாமே என்று தோன்றும். அங்கே வந்து போவது பெரும்பாலும் ஒற்றை நடைபாதை விமானம். அதன் சரக்குக் கதவில் 145 செ.மீ. உயரப் பெட்டி நின்றபடி நுழையாது, படுக்க வைத்து நுழைத்துவிடுவார்கள். சென்னையில் பெரிய விமானம் உண்டு. அதிலும் அடித்தளத்தில் 160 செ.மீ. தான் எல்லை. அடுத்த முறை காலரி ஐந்தடி உயரப் படம் கேட்டால் இந்த எண்ணை நினைவில் வையுங்கள். சட்டமும் ஃபோமும் அடிக்கட்டையும் சேர்ந்தால் 160ஐத் தாண்டும், அப்புறம் தனிச் சரக்கு விமானம்தான்.

காப்பீட்டை விமான நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி அவர்களுடைய பொறுப்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான். 80 கிலோப் பெட்டிக்கு 2,080, ரூபாயில் ஏறத்தாழ இரண்டரை லட்சம். உள்ளே இருப்பது ஐந்து லட்சம். சுவரிலிருந்து சுவர் வரை செல்லுபடியாகும், மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பாலிசி எடுங்கள். மூன்றை எழுத்தில் கேளுங்கள்: பழுது பார்த்த பிறகு விலை குறைந்தால் அந்தக் குறைவையும் தருவீர்களா, இரண்டு படத்தில் ஒன்று போனால் ஜோடிக்கு என்ன கணக்கு, நாங்களே செய்த பெட்டியை ஏற்கிறீர்களா? சரக்குக் காப்பீட்டில் ‘போதாத பேக்கிங்’, ‘பொருளின் இயல்பான குறை’ இரண்டும் விலக்கு. கல் உதிர்ந்தால் இரண்டாவதைத்தான் நீட்டுவார்கள். பெட்டி செய்த ஒவ்வொரு படியையும் படம் பிடித்து, பாலிசி போடுமுன் அவர்களுக்கே அனுப்பி, சரி என்று பதில் வாங்கிவிட்டால் அந்தக் கதவு அடைபடும்.

லண்டன் காலரிக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். பெட்டி வந்ததும் 24 மணி நேரம் அந்த அறையிலேயே மூடியபடி நிற்கட்டும். பலத்த அடி பட்டால் சிவக்கும் அதிர்வு ஸ்டிக்கர் ஒன்றைப் பெட்டியில் ஒட்டி அனுப்புங்கள், அது சிவந்திருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். சேதம் என்றால் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் 14 நாளுக்குள் போக வேண்டும். டிசம்பரில் அங்கே ஹீட்டர் ஓடும், ஈரப்பதம் 30க்கும் கீழே போகலாம், பலகை சுருங்கும். ரேடியேட்டருக்கு மேலே மட்டும் மாட்டக் கூடாது. கண்ணாடி போடும்போது கல்லுக்கும் அதற்கும் 5 மி.மீ. இடைவெளி வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், ஸ்க்ரூக்களை ஒரு பையில் போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒரு படம் விற்காமல் திரும்பினால் அது அந்தப் பெட்டியில்தான் வர வேண்டும். இங்கே கஸ்டம்ஸிலிருந்து அதை வெளியே எடுக்க ஏற்றுமதி ஷிப்பிங் பில்லின் நகல் கேட்பார்கள், அதைப் பட்டறைக் கணக்கு நோட்டோடு வையுங்கள்.